தண்ணீரில் இறங்க யாருடைய கையெழுத்து?

இந்தத் திங்கட்கிழமை நீங்கள் இருவரும் நம் சிகிச்சைக் குளத்தில் இறங்குகிறீர்கள். நான் ஏறிவிட்டேன். ஏற்றிவிட்டார்கள் என்று சொல்வதுதான் சரி. முப்பத்திரண்டு வயதில் தண்ணீரிலிருந்து ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட் கோயமுத்தூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இனி எனக்கு மாடியில் மின்சாரச் சிகிச்சை அறை. ஒயரும் மெஷினும்தான் துணை.

புதிதாக வருகிறவர்களுக்கு அனுபவத்தை எழுதிக் கொடு என்றார்கள். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், எவ்வளவு மருந்து கலக்க வேண்டும், எந்த முட்டிக்கு எந்தப் பயிற்சி என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. படித்துக்கொள்வீர்கள். சுவரில் ஒட்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இதை ஒரு வேலை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் தாய்மாமா, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே கேட்டார்.

"ஏ அம்மணி, நாலரை வருசம் படிச்சுப்போட்டு, கடைசில கெழவிகளத் தண்ணில குளிப்பாட்டற சோலியா?"

"குளிப்பாட்டலீங் மாமா. நடக்க வெக்கறேன்."

"நடக்கறதுக்குத் தரை இருக்குதே கண்ணு!"

பந்தி முழுக்கச் சிரித்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். என் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அப்பாவின் பெருவிரல்தான் இருக்கும். அந்த வீட்டிலிருந்து வந்து, என் பெயரை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிய வேலை இது. அதைக் குளிப்பாட்டுகிற வேலை என்றால் கோபம் வராதா?

மாமாவுக்கு அன்று சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். தரை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முட்டி தேய்ந்த ஒருவருக்கு ஒவ்வொரு அடியும் அடிதான். வலிக்கும் என்று நடக்க மாட்டார். நடக்காததால் தொடைச் சதை வற்றும். சதை வற்றியதால் முட்டி இன்னும் அதிகம் வாங்கிக்கொள்ளும். அதே ஆளை மார்பளவு தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். உடம்பின் பாரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் தூக்கிக்கொள்ளும். காலை முன்னால் தள்ளினாலும் பின்னால் இழுத்தாலும் தண்ணீர் எதிர்த்துத் தள்ளும். இரும்புக் குண்டு தூக்காமலே சதைக்கு வேலை கிடைக்கும். இதமான சூட்டில் இறுகின இடுப்பு இளகும், வீங்கின கணுக்காலைத் தண்ணீரே சுற்றி அமுக்கிக் கொடுக்கும், மூச்சுக்கும் இதயத்துக்கும் வேலை உண்டு. எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், விழுந்துவிடுவோம் என்ற பயம் போய்விடும். தண்ணீரில் யாரும் திடீரென்று விழுவதில்லை, மெதுவாகச் சாய்கிறார்கள். பயம் போனவர்கள் கால் எடுத்து வைக்கிற விதமே வேறு.

ஆனால் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்ட பாரத்தைப் படியேறும்போது மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வந்துகொண்டிருந்தார். "கம்பியைப் புடிச்சுக்குங்க சார்" என்றால், "நான் கிணத்துல குதிச்சு வளந்தவம்மா" என்பார். ஒரு நாள் கடைசிப் படியில் கம்பியைப் பிடிக்காமல் கால் வைத்தார். முட்டி மடங்கிவிட்டது. நெற்றியில் தையல். அந்த வாரமே படிகளுக்கு ரப்பர் விரிப்பு வந்தது, இன்னொரு பக்கமும் கைப்பிடிக் கம்பி வந்தது. நல்லது. அதைத்தான் செய்ய வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் திரும்பவும் இங்கே வருவேன்.

ரங்கநாயகி அம்மாவைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

கணபதி பகுதியில் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். பம்புசெட் மோட்டாருக்குள் சுழலும் தண்டு, அதாவது சாஃப்ட், கடைசல் பிடிப்பது. கணவர் போன பிறகு அவரே நடத்துகிறார். நாலைந்து லேத், ஏழெட்டு ஆட்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே மேற்பார்வை பார்த்ததில் இரண்டு முட்டியும் போய்விட்டது, கூடவே சர்க்கரை. மகன் பிரகாஷ் மென்பொருள் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறார். கெட்டவர் அல்ல. அம்மாவுக்குக் கால் சரியில்லை, பட்டறையை மூடி இடத்தைக் குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்காரட்டும் என்பது அவருடைய எண்ணம். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "ஆடி முடியறவரைக்கும் டைம் குடு கண்ணு. அதுக்குள்ள என்னால நிக்க முடியலீன்னா நீ சொல்றபடி கேட்டுக்கறேன்."

ஆக, அவருக்கு எங்கள் குளம் உடற்பயிற்சி மட்டுமல்ல. பட்டறை இருக்குமா போகுமா என்பது அந்தத் தண்ணீரில் இருந்தது. முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். "ஏனுங் டாக்டரம்மா, என்ற காலு நல்லாயிருக்கோணும்னு அவசியமில்லீங்க. நின்னாப் போதும்."

அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தண்ணீரில் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும்போது உரக்கத் தெலுங்கில்தான் எண்ணுவார். "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு..." நடுநடுவே பக்கத்தில் நிற்பவர்களை வம்புக்கு இழுப்பார். "ஏனுங்க அக்கா, தண்ணியத் தள்ளச் சொன்னா தடவிக் குடுக்கறீங்க? அது என்ன உங்க மாமியாரா?" பெண்களுக்கான காலை நேரம் முழுக்க அவர் குரல்தான். முதல் மாதம் முடிவதற்குள் கம்பியைப் பிடிக்காமல் குளத்தின் குறுக்கே நடந்தார். கணுக்கால் வீக்கம் வடிந்து, பழைய செருப்பு மறுபடியும் காலில் ஏறியது என்று அதையே போட்டுக்கொண்டு வந்து எல்லாரிடமும் காட்டினார்.

அப்புறம் மாரியம்மன் கோயில் நோம்பி வந்தது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்தால் "வாங்க" என்போம், அடுத்து "சாப்டாச்சுங்களா" என்போம். எதிரில் இருப்பவர் மூன்று நாள் பட்டினியாக இருந்தாலும் "ஆச்சுங்க" என்றுதான் சொல்வார். இல்லை என்றால் கேட்டவர் இலை போட வேண்டி வருமே. இது கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை, மரியாதை. சர்க்கரை நோயாளியைத் தண்ணீரில் இறக்கும் முன் சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டும் என்பது சுவரில் ஒட்டியிருக்கிறது. நாங்கள் எல்லாருமே தினமும் கேட்டோம். எப்படி? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, சிரித்த முகத்தோடு, "வாங்கம்மா, சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங் கண்ணு."

அன்றும் அப்படித்தான் கேட்டேன், அப்படித்தான் சொன்னார். சாயங்காலம் கோயில் முன்னால் நட்டிருக்கும் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று விரதம். ஆனால் காலை மாத்திரையை மட்டும் விடாமல் விழுங்கியிருக்கிறார். டாக்டர் சொன்னதை மீறக் கூடாதல்லவா!

வெறும் வயிறு, சர்க்கரை மாத்திரை, இதமான தண்ணீர், பயிற்சி. தரையில் என்றால் வியர்த்துக் கொட்டியிருக்கும், பார்த்தவுடன் தெரிந்திருக்கும். தண்ணீரில் வியர்வை தெரியாது. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த மூத்தவர், இப்போது பிரிவின் பொறுப்பாளர், அடிக்கடி சொல்வார்: "தண்ணிக்குள்ள காலைப் பாத்துட்டு நிக்காதே. வாயைப் பாரு." அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அவருக்கு எப்போதும் கடன்பட்டவள்.

ரங்கநாயகி அம்மா எண்ணிக்கொண்டிருந்தார். "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு... நாலுகு... நாலுகு..."

திரும்பிப் பார்த்தேன். கால் நகர்கிறது. எண் நகரவில்லை.

"அம்மா, ஐதுங்க?" என்றேன்.

"நாலுகு" என்றார், என்னைப் பார்க்காமல், லேசாகச் சிரித்துக்கொண்டே.

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய் முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கரையிலிருந்து ஆளுக்கு ஒரு குரல். "மேல தூக்குங்க! வெளிய இழுங்க!" உதவியாளர் செல்வி அக்கா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு படியில் நின்றார். அந்த நேரத்தில்தான் முடிவெடுக்க வேண்டும். தெளிவில்லாத, கால் துவண்ட ஒருவரை, ஈர உடையோடு அந்தப் படியில் ஏற்றினால் தண்ணீர் இதுவரை தாங்கிய பாரம் முழுவதும் ஒரே நொடியில் முட்டிக்கு வரும். வங்கி அதிகாரியின் நெற்றி எனக்கு ஞாபகம் வந்தது. "தூக்க வேண்டாம்! அக்கா, குளுக்கோஸ்!" என்று கத்தினேன். தண்ணீருக்குள் இருக்கும் உட்காரும் படியில் அவரை இடுப்பளவு தண்ணீரில் உட்கார வைத்து, தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். பெயர் கேட்டேன். சொன்னார். விழுங்கச் சொன்னேன். விழுங்கினார். அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். சுற்றிலும் எல்லாரும் கத்திக்கொண்டே இருந்தார்கள். பேச்சு தெளிந்த பிறகு, நகர்த்தும் நாற்காலியில் வைத்து மெதுவாக வெளியே எடுத்தோம்.

தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அட கெரகமே, விரதம் போச்சே!"

"உசுரு இருக்குதுங்களேம்மா" என்றார் செல்வி அக்கா.

"அது சரி. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. அவளுக்கும் தண்ணினா இஷ்டந்தேன்."

தவறு எங்கே என்று யாருக்குமே சந்தேகம் இருக்க முடியாது. கேள்வியில்தான். மறுநாளே கேள்வியை மாற்றினேன். "என்ன சாப்டீங்க? எத்தன மணிக்கு? சட்னி என்ன?" சட்னி வரைக்கும் கேட்டால் மரியாதைக்குப் பொய் சொல்ல முடியாது. கேட்டுவிட்டு விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தோம். பிரச்சினை தீர்ந்தது. இவ்வளவுதான்.

நான் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வாரம் நிர்வாகத்திடமிருந்து ஒரு படிவம் வந்தது. பெண்கள் நேரத்தில் தண்ணீரில் இறங்குகிற ஒவ்வொரு பெண்ணும், கணவர் அல்லது மகனின் சம்மதக் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

இரண்டு முறை படித்தேன். ஆண்கள் நேரத்துக்கு அப்படி ஒரு படிவம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஆண் விழுந்தால் படிக்கு ரப்பர் விரிப்பு. பெண் மயங்கினால் மகனின் கையெழுத்து. வங்கி அதிகாரி கம்பியைப் பிடிப்பார் என்று அவர் மனைவியிடம் யாராவது எழுதி வாங்கினார்களா? ரங்கநாயகி அம்மா அன்று காலையில் சாப்பிட்டாரா என்பது பிரகாஷுக்குத் தெரியுமா? தெரியாது. அவர் அப்போது ஆபீஸ் பஸ்ஸில் இருந்தார். தெரியாத ஆளின் கையெழுத்து எப்படித் தெரிந்த ஆளின் உயிரைக் காப்பாற்றும்?

மூத்தவரிடம் போய்க் கேட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் அவரும் ஒரு பெண்.

"உன்னைக் காப்பாத்தத்தான் கண்ணு இந்த ஃபாரம்" என்றார். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்மேல கேஸ் வரும்."

"என்னைக் காப்பாத்த அவங்க மகன் எதுக்குங் மேடம்? அவங்களே படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடட்டுமே."

"ஊர் வழக்கம் தெரியாம பேசாதே."

ஊர் வழக்கம் எனக்கா தெரியாது? எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரியாததால் பெருவிரல் வைத்தார்கள். இங்கே போடத் தெரிந்தவர்களைப் பார்த்து உன் கையெழுத்து செல்லாது என்கிறார்கள். பெருவிரலை விட இது கேவலம் இல்லையா?

பெண்கள் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். கணவரிடம் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் சிலர். "நடக்கறேன்னு போயி மயங்கி உழுகோணுமா, ஊட்டுலயே இரு" என்று சொல்லப்பட்டவர்கள் சிலர். திருமணமே செய்துகொள்ளாத ஓர் ஆசிரியை, "நான் யாரைக் கூட்டிட்டு வர்றதுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை.

ரங்கநாயகி அம்மா வந்தார். அவர் ஆட்டோவிலிருந்து இறங்குவதற்குள் பின்னாலேயே காரில் பிரகாஷும் வந்துவிட்டார். லீவு போட்டிருந்தார்.

"மேடம், அம்மாவுக்கு இனி தண்ணி வேண்டாங்க. சேர்ல உக்காந்துட்டே பண்ற மாதிரி ஏதாச்சும் சொல்லிக் குடுங்க. நான் கையெழுத்துப் போடறதா இல்லீங்க." குரலில் அவ்வளவு பணிவு, அவ்வளவு அக்கறை. சத்தம் போட்டுத் தடுப்பவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். அன்பாகப் பேசிக்கொண்டே கதவைச் சாத்துகிறவர்களிடம்தான் உங்களுக்குச் சிரமம் இருக்கும்.

ஆடி முடியச் சில வாரங்கள்தான் இருந்தன. தண்ணீர் நின்றால் கால் நிற்காது, கால் நிற்காவிட்டால் பட்டறை குடோனாகும். அந்தப் படிவம் வரும்வரை அது அம்மாவுக்கும் மகனுக்கும் இடையில் இருந்த பேச்சு. அதில் அம்மாவுக்கும் பாதிப் பலம் இருந்தது. அந்தப் பாதியையும் பிடுங்கி மகன் கையில் கொடுத்தவர்கள் நாம்தான்.

"ஏன் கண்ணு," என்றார் ரங்கநாயகி அம்மா மகனிடம், கோபமே இல்லாமல். "நீ ஸ்கூல்ல டூர் போனியே, அந்தக் கடுதாசில ஆரு கையெழுத்துப் போட்டது?"

"அம்மா, இங்க வெச்சு எதுக்கு..."

"உனக்குப் பல்லு புடுங்கறப்ப ஆரு போட்டது? பட்டறைல எட்டுப் பேருக்குச் சம்பளக் கையெழுத்து ஆரு போடறது? உன்ற கல்யாணப் பத்திரிக்கைக்கு அட்வான்ஸ் செக்குல ஆரு போட்டது? இப்ப நான் தண்ணில காலு நனைக்கறதுக்கு மட்டும் நீ போடோணுமாக்கும்?"

காத்திருந்த பெண்களில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிரகாஷ் காதுவரை சிவந்துபோனார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். இறக்கினால் விதியை மீறுகிறேன். இறக்கிய பிறகு ஏதாவது நடந்தால் என்னைக் காப்பாற்ற ஒருவரும் இல்லை. வீட்டில் என் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான். அந்த நேரத்தில் துணிச்சலை நம்பாதீர்கள். தொழிலை நம்புங்கள். செய்ய வேண்டிய வேலையை வரிசையாகச் செய்தேன்.

"என்ன சாப்டீங்கம்மா?"

"ரெண்டு ராகி தோசைங்க."

"எத்தன மணிக்கு? சட்னி?"

"ஏழரைக்குங்க. தக்காளி. உப்பு கம்மி."

விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். அளவு சரி. ரத்த அழுத்தம் பார்த்தேன். சரி. தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் ஒன்றுமே இல்லை. படிவத்தை எடுத்து, பேனாவோடு அவர் முன்னால் வைத்தேன். பிரகாஷ் முன்னால் அல்ல.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை முழுதும் படித்தார். கையெழுத்திடுபவர் பெயர் என்ற இடத்தில் ரங்கநாயகி என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. கொஞ்சம் யோசித்தார். அப்புறம் நிறுத்தி நிதானமாக எழுதினார்: நானே.

அதை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, "உடை மாத்திக்குங்கம்மா" என்றேன்.

பக்கத்திலிருந்த பெண் கையை நீட்டினார். "ஏனுங்க, அந்தப் பேனாவச் செத்தக் குடுங்க."

அதன் பிறகு நடந்தவை உங்களுக்கு ஏற்கனவே காதுக்கு வந்திருக்கும். விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். மூத்தவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அவரிடம் கற்றதை நான் நிறுத்தவில்லை, இன்றும் வாயைத்தான் பார்க்கிறேன். கடைசியில் மாடிக்கு மாற்றல். படிவத்தைத் திரும்பப் பெறவில்லை. நின்றுபோன பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, உறவு என்ற இடத்தில் நானே, நானே என்று எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆசிரியை மட்டும் வரவில்லை. அவரை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. 'நானே' என்பது செல்லுபடியாகும் உறவா என்று நிர்வாகம் மேலிடத்துக்குக் கேட்டு எழுதியிருக்கிறதாம். பதில் வந்தபாடில்லை.

அந்தப் படிவங்கள் முன்மேசையில் இருக்கும். திங்கட்கிழமை உங்கள் கையில் கொடுப்பார்கள். அதை யார் முன்னால் வைக்கிறீர்கள் என்பது உங்கள் வேலை. சட்னி கேட்க மறக்காதீர்கள்.

குளத்தில் என் கடைசி நாள் ஆடி மாதத்தின் கடைசி வாரத்தில் வந்தது. பயிற்சி முடிந்து ரங்கநாயகி அம்மா படியேறிக்கொண்டிருந்தார். நான் பின்னால், தொடாமல், தொடுகிற தூரத்தில் நின்றேன். ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. மார்பு, இடுப்பு, முட்டி. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டே ஏறினார். எண்ணிக்கொண்டுதான். "மூடு, நாலுகு, ஐது."

மேலே, ரப்பர் விரிப்பில், துண்டோடு பிரகாஷ் நின்றிருந்தார். கடைசிப் படியில் அம்மாவைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"தள்ளி நில்லு கண்ணு. ஈரம், நீ வழுக்கி உழுந்துருவே" என்றார் அம்மா. "பட்டறைல ஆளுக வந்திருப்பாங்க. நேரமாச்சு."

பிரகாஷ் தள்ளி நின்றார்.